குளோபோடெரா பேரின முட்டைக்கூடு நூற்புழுக்களை இனங்காணல்: நீலகிரி உருளைக்கிழங்கு நூற்புழுக்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பயிர்களின் வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களுள் முட்டைக்கூடு உருவாக்குவன ஒரு தனிக்குழு. அக்குழுவைச் சேர்ந்த குளோபோடெரா என்னும் பேரினத்தின் இரு சிற்றினங்கள் நீலகிரி மாவட்ட உருளைக்கிழங்கு நிலங்களில் வாழ்கின்றன. இப்பேரினத்தை அதன் உறவுப் பேரினங்களிலிருந்து பிரித்தறிய உதவும் உருவ அடையாளங்களையும், அவ்விரு சிற்றினங்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்தும் அளவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. பேரினத்தைச் சில தெளிவான அடையாளங்களைக் கொண்டு உறுதிசெய்ய இயலும் என்பதும், சிற்றினத்தை எந்த ஒற்றை அடையாளமும் உறுதிசெய்யாது என்பதும், இவ்வேறுபாட்டை உணராமல் செய்யப்படும் முடிவு உழவரின் விதைத் தேர்வைப் பாதிக்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: நூற்புழு, முட்டைக்கூடு, குளோபோடெரா, சாளரம், கிரானெக் விகிதம், நீலகிரி, உருளைக்கிழங்கு, கலைச்சொல்.

1. முன்னுரை

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் 1961ஆம் ஆண்டு உதகமண்டலம் பகுதியின் உருளைக்கிழங்கு நிலங்களில் ஒரு நூற்புழுவைக் கண்டறிந்தார். இந்தியாவில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு அறியப்பட்டது அதுவே முதன்முறை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாயகமாகக் கொண்ட இப்புழு, உருளைக்கிழங்கு சென்ற நாடுகளுக்கெல்லாம் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு சென்றது. நீலகிரியைத் தொடர்ந்து கொடைக்கானல் மலைப்பகுதியிலும் இது காணப்பட்டது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதற்கு 1971இல் தடை விதிக்கப்பட்டது. இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய பகுதிகளிலும் இப்புழு இருப்பது தெரியவந்தபின், அங்கிருந்து செல்லும் விதைக்கிழங்கிற்கு 2018இல் நடுவண் அரசு கட்டுப்பாடு விதித்தது.

ஒரு மாவட்டத்தின் விதை வணிகத்தையே நிறுத்தவல்ல இம்முடிவுகள் யாவும் ஒரு வினாவுக்குக் கிடைக்கும் விடையைச் சார்ந்தவை: மண்ணில் கிடைத்த கடுகினும் சிறிய பழுப்பு உருண்டை எப்பேரினத்தைச் சேர்ந்தது, எச்சிற்றினத்தைச் சேர்ந்தது? அவ்விடையை ஆய்வாளர் எவ்வாறு அடைகிறார் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

2. பெயரும் வகைப்பாட்டு வரலாறும்

ஜெர்மனியில் சர்க்கரைக் கிழங்குப் பயிரின் வேர்களில் முட்டைக்கூடு நூற்புழுக்களை ஹெர்மன் ஷாக்ட் 1859இல் கண்டார். அப்புழுவுக்கு 1871இல் ஷ்மிட் என்பார் ஹெட்டிரோடெரா ஷாக்டி எனப் பெயரிட்டார். 'ஹெட்டிரோடெரா' என்னும் கிரேக்கச் சொல்லாக்கம் 'வேறுபட்ட தோல்' எனப் பொருள்படும். உருளைக்கிழங்கின் வேரில் இத்தகைய கூடுகள் இருப்பதை ஜூலியஸ் கூன் 1881இல் குறிப்பிட்டார். அவை சர்க்கரைக் கிழங்குப் புழுவே எனக் கருதப்பட்டுவந்த நிலையில், 1923இல் வோலன்வெபர் அவற்றைத் தனிச் சிற்றினமாக விளக்கி, ரோஸ்டாக் நகரின் பெயரால் ஹெட்டிரோடெரா ரோஸ்டோகியென்சிஸ் என வழங்கினார்.

கூட்டின் வடிவத்தைக் கருத்திற்கொண்டு, உருண்டைக் கூடுடைய சிற்றினங்களை ஸ்கார்பிலோவிச் 1959இல் குளோபோடெரா என்னும் துணைப்பேரினமாகப் பிரித்தார். 1975இல் பெரென்ஸ் அதனைத் தனிப்பேரினமாக உயர்த்தினார். 'உருண்டை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையும் 'தோல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து இப்பெயர் அமைந்தது. இதற்கிடையில், உருளைக்கிழங்கைத் தாக்குவது ஒரே சிற்றினமன்று, இரண்டு என்பதை ஏ.ஆர். ஸ்டோன் 1973இல் நிறுவினார். இரண்டாவதற்குப் 'பல்லிடா' எனப் பெயரிட்டார். 'வெளிறியது' என்பது அச்சொல்லின் பொருள். பேரினப் பெயர் கூட்டின் வடிவத்தையும், சிற்றினப் பெயர் பெண்புழுவின் நிறத்தையும் சுட்டுவது நோக்கத்தக்கது. இவ்விரு பெயர்களும் அடையாளங்களின் சுருக்கமாகவே அமைந்துள்ளன.

3. கூடு என்பது யாது?

அடையாளங்களை அறியுமுன் 'கூடு' என்னும் சொல் எதனைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பறவை கட்டும் கூட்டைப் போலவோ, பட்டுப்புழு நூற்கும் கூட்டைப் போலவோ இது புறத்தே செய்துகொள்ளப்பட்ட உறையன்று. இது தாய்ப்புழுவின் உடலே.

மண்ணில் முட்டையிலிருந்து வெளிவரும் இரண்டாம் நிலை இளம்புழு, வேர்நுனிக்கு அருகில் உட்புகுந்து ஓரிடத்தில் நிலைகொள்கிறது. அதன் சுரப்பினால் வேரின் உயிரணுக்கள் பல ஒன்றிணைந்து ஊட்டம் தரும் ஒரு திரளாகின்றன. அவ்வூட்டத்தை நன்கு பெறுவன பெரும்பாலும் பெண்ணாகவும், குறைவாகப் பெறுவன ஆணாகவும் வளர்கின்றன. பெண்புழு உருண்டு பருத்து, வேரின் புறப்பகுதியைப் பிளந்துகொண்டு வெளித்தெரிகிறது. தலையும் கழுத்தும் மட்டும் வேருக்குள் இருக்கும். ஆண்புழுவோ மீண்டும் நூல் வடிவம் பெற்று, வேரைவிட்டு வெளியேறிப் பெண்ணைத் தேடிச் செல்கிறது. கருவுற்ற பெண் முட்டைகளைப் புறத்தே இடுவதில்லை; தன் உடலுக்குள்ளேயே தாங்குகிறது. அது இறந்தபின் அதன் உடற்சுவர், தோல் பதனிடப்படுவதை ஒத்த வேதிமாற்றத்தால் கடினமாகிப் பழுப்பு நிறமடைகிறது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் விட்டமுடைய இவ்வுருண்டையினுள் 200 முதல் 500 வரை முட்டைகள் இருக்கும். அவை உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி போன்ற ஊண்வழங்கிப் பயிர்களின் வேர்க்கசிவை எதிர்நோக்கி மண்ணில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடிருக்க வல்லவை.

ஆதலின் 'முட்டைக்கூடு நூற்புழு' என்னும் வழக்கு பொருத்தமானதே. ஆயினும் அதனைக் 'கூட்டுப்புழு' எனச் சுருக்குதல் தவறாகும். அச்சொல் பூச்சிகளின் வளர்ச்சியில் புழுவுக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட பருவத்தைக் குறிப்பதாகத் தமிழில் நிலைபெற்றுவிட்டது. பள்ளி நூல்களில் அப்பொருளிலேயே பயின்ற உழவர், நிலத்தில் பூச்சியின் கூட்டைத் தேடும் நிலை ஏற்படும். 'வேர்முடிச்சு நூற்புழு' என்பதோடும் இதனைக் குழப்பலாகாது. வேர்முடிச்சு நூற்புழுவின் பெண் பசைபோன்ற திரளில் முட்டைகளை உடலுக்கு வெளியே இடுகிறது. அதன் உடல் கடினக் கூடாவதில்லை. தாக்கப்பட்ட வேர் முடிச்சாக வீங்குகிறது. முட்டைக்கூடு நூற்புழு தாக்கிய வேரில் அத்தகைய முடிச்சு தோன்றாது; சிறு மணிகள் ஒட்டியிருப்பது போன்ற தோற்றமே இருக்கும்.

4. பேரின அடையாளங்கள்

மண் மாதிரியை உலர்த்தி நீரில் இட்டால், காற்றடங்கிய உலர்ந்த கூடுகள் மிதக்கும். ஃபென்விக் 1940இல் வடிவமைத்த கலம் இக்கொள்கையின் அடிப்படையில் இயங்குவது. மிதந்தவற்றைச் சல்லடையில் பிடித்து, நுண்ணோக்கியின்கீழ் கூடுகளைப் பிரித்தெடுப்பர். பின்னர்க் கூட்டின் பின்முனையைக் கூரிய கத்தியால் வெட்டித் துப்புரவு செய்து, கண்ணாடி வில்லையில் பொருத்துவர். இவ்வாறு பொருத்தப்பட்ட பகுதியில் நான்கு அடையாளங்களை வரிசையாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது, கூட்டின் புறவடிவம். குளோபோடெராவின் கூடு உருண்டையானது. ஒருபுறம் சிறிய கழுத்து நீண்டிருக்கும். அதற்கு எதிர்முனை வளைந்து முடியும். ஹெட்டிரோடெராவின் கூடு எலுமிச்சை வடிவினது. பின்முனையில் கூம்பு போன்ற புடைப்பு உண்டு. இராஜஸ்தானில் கோதுமை, வாற்கோதுமைப் பயிர்களில் 'மோல்யா' நோயை உண்டாக்கும் புழுவும், துவரையைத் தாக்கும் புழுவும் ஹெட்டிரோடெரா பேரினத்தவை. அவற்றின் கூடுகளில் இக்கூம்பைக் காணலாம். காக்டோடெரா என்னும் பேரினமும் கூம்புடையதே. எனவே கூம்பின்மை என்னும் ஓர் அடையாளமே இவ்விரு பேரினங்களையும் விலக்கிவிடும்.

இரண்டாவது, பெண் இனப்பெருக்கத் துளையைச் சூழ்ந்த சாளரத்தின் அமைப்பு. முதிர்ந்த கூட்டின் சுவர் தடித்திருக்க, அத்துளையைச் சுற்றி மட்டும் அது மெலிந்திருக்கும். ஒளி ஊடுருவும் இம்மெல்லிய பகுதியைச் சாளரம் என்பர். பின்னாளில் அப்படலம் சிதைந்து திறப்பாகும்போது இளம்புழுக்கள் அதன்வழியாகவும் வெளியேறும். குளோபோடெராவில் இச்சாளரம் துளையைச் சுற்றி ஒரே வட்டமாக அமையும். ஹெட்டிரோடெராவிலோ துளையின் இருபுறமும் இரு பகுதிகளாகப் பிரிந்திருக்கும்.

மூன்றாவது, மலவாய். இது சாளரத்திற்குச் சற்று அப்பால் தனியே ஒரு புள்ளியாகத் தெரியும். குளோபோடெராவில் மலவாயைச் சுற்றிச் சாளரம் இராது. உருண்டையாகவோ பேரிக்காய் வடிவிலோ கூடுடைய பங்டோடெரா என்னும் பேரினத்தில் மலவாய்க்கும் தனியே ஒரு சாளரம் உண்டு. புறவடிவத்தால் மட்டும் இவ்விரண்டையும் பிரித்தல் அரிது. மலவாயை நோக்கினால் ஐயம் நீங்கும்.

நான்காவது, உட்சுவர். ஹெட்டிரோடெராவின் பல சிற்றினங்களில் கூம்பினுள் குமிழ்போன்ற தடிப்புகளும், துளைக்குக் கீழே குறுக்குப் பாலம் போன்ற அமைப்பும் காணப்படும். குளோபோடெராவில் பாலம் இல்லை; தடிப்புகளும் பெரும்பாலும் இல்லை.

இந்நான்கும் 'உண்டு' அல்லது 'இல்லை' என விடைதரும் அடையாளங்கள். ஆகையால் நன்கு முதிர்ந்த, சிதையாத கூடு ஒன்று கிடைப்பினும் பேரினத்தைப் பெரும்பாலும் உறுதியாகக் கூறலாம். ஆயினும் இளம் பெண்புழுவில் சாளரம் முழுமை பெற்றிராது. மிகப் பழைய கூட்டில் அதன் விளிம்பு சிதைந்திருக்கும். இவ்விரு நிலைகளையும் அடையாளத்திற்குக் கொள்ளுதல் கூடாது.

5. சிற்றின வேறுபாடுகள்

பேரினம் உறுதியானபின் எழுவது சிற்றின வினா. ரோஸ்டோகியென்சிஸ், பல்லிடா ஆகிய இரண்டும் நீலகிரியில் உள்ளன. ஒரே நிலத்தில் கலந்தும் வாழ்கின்றன. அவற்றைப் பிரிக்க நான்கு சான்றுகள் பயன்படுகின்றன.

அ. பெண்புழுவின் நிறம்: இரு சிற்றினங்களிலும் வேரில் முதலில் தோன்றும் பெண்புழு வெண்மையானது. ரோஸ்டோகியென்சிஸ் வெண்மையிலிருந்து பொன்மஞ்சளாகி, அதன்பின் பழுப்பாகிறது. 'தங்க நூற்புழு' என்னும் பெயர் இதனாலேயே வந்தது. பல்லிடா வெண்மை அல்லது பாலாடை நிறத்திலிருந்து, மஞ்சள் நிலையை அடையாமல், நேரே பழுப்பாகிறது. கைவில்லை கொண்டே காணத்தக்க ஒரே சிற்றின அடையாளம் இது. ஆனால் பயிர் வளரும் காலத்தில் சில வாரங்கள் மட்டுமே இந்நிறம் நீடிக்கும். பழுப்பான கூட்டில் இதன் தடயம் இராது.

ஆ. வரிமேடுகள்: மலவாய்க்கும் சாளரத்தின் விளிம்புக்கும் இடைப்பட்ட தோலில் மெல்லிய மேடுகள் குறுக்கே ஓடும். அவற்றை எண்ணினால் ரோஸ்டோகியென்சிஸில் பொதுவாக 16 முதல் 31 வரையும், பல்லிடாவில் 8 முதல் 20 வரையும் இருக்கும்.

இ. கிரானெக் விகிதம்: மலவாயிலிருந்து சாளரத்தின் அண்மை விளிம்பு வரையுள்ள தொலைவைச் சாளரத்தின் விட்டத்தால் வகுத்துப் பெறும் எண் இது. எடுத்துக்காட்டாக, தொலைவு 66 மைக்ரோமீட்டர், விட்டம் 20 மைக்ரோமீட்டர் எனின் விகிதம் 3.3 ஆகும். தொலைவு 50, விட்டம் 25 எனின் விகிதம் 2 ஆகும். ரோஸ்டோகியென்சிஸில் இது 1.3 முதல் 9.5 வரை மாறுபடும். சராசரி பொதுவாக 3க்கு மேற்படும். பல்லிடாவில் 1.2 முதல் 3.5 வரை மாறுபடும். சராசரி 3க்குக் கீழே நிற்கும்.

ஈ. இளம்புழுவின் குத்தூசி: கூட்டை உடைத்தால் முட்டைகளும், அவற்றினுள் சுருண்ட இளம்புழுக்களும் கிடைக்கும். அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த நீளமுடைய இளம்புழுவின் வாயில் வேரைத் துளைக்கும் ஊசி ஒன்று உண்டு. இதனை ஸ்டைலெட் என்பர். ரோஸ்டோகியென்சிஸில் அதன் சராசரி நீளம் 21 முதல் 22 மைக்ரோமீட்டர். பல்லிடாவில் 23 மைக்ரோமீட்டரும் அதற்குச் சற்று மேலும். ஊசியின் அடியிலுள்ள குமிழ்கள் ரோஸ்டோகியென்சிஸில் உருண்டும், பல்லிடாவில் முன்னோக்கிக் கூர்ந்தும் காணப்படும்.

6. அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிதல்

மேற்காட்டிய எண்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பேரின அடையாளங்களைப் போல இவை 'உண்டு, இல்லை' என விடைதருவன அல்ல. ஒரு கூட்டில் 18 வரிமேடுகள் இருப்பின் அது இரு சிற்றினங்களுள் எதுவாகவும் இருக்கலாம். கிரானெக் விகிதம் 2.5 என வரினும் நிலை அதுவே. குத்தூசியின் நீளத்தில் வேறுபாடு ஏறத்தாழ இரண்டு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு. நுண்ணோக்கியின் அளவீட்டில் நேரும் சிறு பிழையே அவ்வேறுபாட்டை விழுங்கிவிடக்கூடும்.

எனவே சிற்றினம் பற்றிய முடிவு ஒரு கூட்டின்மீது அமையாமல், ஒரே மாதிரியிலிருந்து எடுத்த பல கூடுகள், பல இளம்புழுக்கள் ஆகியவற்றின் சராசரி மீது அமைதல் வேண்டும். கூட்டின் சான்றும் இளம்புழுவின் சான்றும் ஒன்றையொன்று உறுதிசெய்தல் வேண்டும். ஆனால் இரு சிற்றினங்களும் கலந்து வாழும் நிலத்தில் சராசரியே ஏமாற்றலாம். ஒரு பாதி 12 மேடுகளும் மறுபாதி 22 மேடுகளும் உடைய கூடுகளின் சராசரி 17 என வரும். அந்த எண் இரண்டில் எதனையும் உண்மையாகக் குறிப்பதில்லை. ஆதலின் நீலகிரி போன்ற இடங்களில் சராசரியோடு அளவுகளின் பரவலையும் நோக்குதல் இன்றியமையாதது. அளவுகள் இரு தொகுதிகளாகப் பிரிந்து நிற்பின், கலப்பு என ஐயுறுதல் தகும்.

மரபணுப் பகுதியைப் பெருக்கி நோக்கும் பிசிஆர் முறை இவ்விடத்தில் துணைசெய்கிறது. இரு சிற்றினங்களுக்கும் உரிய துண்டுகள் வெவ்வேறு நீளத்தில் தோன்றுவதால், தனித்தனிக் கூடுகளைக் கொண்டே கலப்பை அறிய இயலும். எனினும் உள்ளே முட்டையற்ற பழைய கூட்டிலிருந்து போதிய மரபுப்பொருள் கிடைப்பது அரிது. அங்கு உருவ அடையாளமே எஞ்சி நிற்கும். ஆகவே இவ்விரு முறைகளும் ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல, துணையே.

7. இனங்காணலும் விதைத் தேர்வும்

இத்துணை நுண்ணிய வேறுபாட்டை அறிவதால் உழவருக்கு யாது பயன் என வினவலாம். இதற்கு இங்கிலாந்தின் பட்டறிவு விடை தருகிறது. ஆண்டிஸ் பகுதி உருளைக்கிழங்கு ஒன்றில் இப்புழுவைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் இருப்பதை 1950களில் எல்லன்பி கண்டறிந்தார். 'ஹெச்-1' என வழங்கும் அம்மரபணுவைக் கொண்ட 'மாரிஸ் பைப்பர்' என்னும் வகை அந்நாட்டில் பெருமளவில் பயிரிடப்பட்டது. அம்மரபணு அங்குப் பரவியிருந்த ரோஸ்டோகியென்சிஸைத் தடுத்தது, பல்லிடாவைத் தடுக்கவில்லை. இரண்டும் இருந்த நிலங்களில் ஒன்று குறையக் குறைய, மற்றொன்று போட்டியின்றிப் பெருகியது. இன்று அந்நாட்டில் பரவலாகத் தொல்லை தருவது பல்லிடாவே.

இதனை நீலகிரிக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு நிலத்தில் தங்க நூற்புழு மட்டும் உள்ளதெனத் தவறாக முடிவுசெய்து, அதற்கு மட்டும் எதிர்ப்புடைய வகையைப் பயிரிட்டால், முதல் சில போகங்களில் விளைச்சல் தேறும். மண்ணிலோ மற்ற சிற்றினத்தின் கூடுகள் ஏறும். அவற்றின் முட்டைகள் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும் ஆதலின், அத்தவற்றை அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ள இயலாது. இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே, இரு சிற்றினங்களுக்கும் எதிர்ப்புடைய 'குஃப்ரி சுவர்ணா' என்னும் வகை 1985இல் நீலகிரிக்கென வெளியிடப்பட்டது. எதிர்ப்பு வகையோடு, முட்டைக்கோசு, கேரட், பூண்டு போன்ற ஊண்வழங்கியல்லாத பயிர்களைச் சுழற்சியாக இடுதலும், கருவிகளிலும் சாக்குகளிலும் ஒட்டிய மண்ணை நீக்குதலும் கூடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். இவற்றுள் பயிர்ச் சுழற்சியும் தூய்மையும் இரு சிற்றினங்களுக்கும் பொது. விதைத் தேர்வு மட்டுமே சிற்றினத்தைப் பொறுத்தது. ஆகையால் சிற்றினம் உறுதிப்படாத நிலத்தில், இரண்டும் இருப்பதாகக் கொண்டு வகையைத் தேர்தலே காப்பானது.

உழவர் தாமே செய்யத்தக்க நோக்கல் ஒன்றும் உண்டு. பயிர் பூக்கும் பருவத்தில் வளர்ச்சி குன்றிய செடியை மண் உதிராமல் மெல்லத் தோண்டி எடுத்து வேரை நோக்கினால், ஊசிமுனை அளவான வெண்மணிகளும் மஞ்சள்மணிகளும் தெரியும். மஞ்சள்மணி காணப்படின் தங்க நூற்புழு உண்டு என்பது பெறப்படும். பல்லிடா இல்லை என்பது அதனால் பெறப்படாது. அம்மண்ணை ஆய்வகத்திற்கு அனுப்புவதே அடுத்த படி.

8. முடிவுரை

உருண்டை வடிவம், கூம்பின்மை, இனப்பெருக்கத் துளையைச் சுற்றிய ஒற்றை வட்டச் சாளரம், மலவாய்க்குச் சாளரமின்மை ஆகிய அடையாளங்கள் குளோபோடெரா பேரினத்தைத் தம்முள் சேர்ந்து உறுதிசெய்கின்றன. பெண்புழுவின் நிறம், வரிமேடுகளின் எண்ணிக்கை, கிரானெக் விகிதம், குத்தூசியின் நீளமும் குமிழும் ஆகியவை சிற்றினத்தைச் சுட்டுகின்றன. எனினும் அவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் தனித்தனியே முடிவு தருவதில்லை. இரு சிற்றினங்களும் கலந்து வாழும் நிலத்தில் பல கூடுகளின் அளவுப் பரவலும் இளம்புழுவின் சான்றும் மரபணுச் சான்றும் இணைந்தே முடிவாகும்.

இவ்வடையாளங்களைத் தமிழில் எழுதும்போது கலைச்சொற்கள் பொருள் மயங்காது நிற்றல் வேண்டும். 'முட்டைக்கூடு', 'வேர்முடிச்சு' என்பன வெவ்வேறு புழுக்களையும் வெவ்வேறு மேலாண்மையையும் குறிப்பன. 'தங்க நூற்புழு' என்பதனை இரு சிற்றினங்களுக்கும் பொதுப்பெயராக வழங்குவதும் தவிர்க்கத்தக்கது. அது ரோஸ்டோகியென்சிஸுக்கு மட்டும் உரிய பெயர். பொதுப்பெயராக 'உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு' என்பதனையும், பல்லிடாவுக்கு 'வெளிர் முட்டைக்கூடு நூற்புழு' என்பதனையும் வழங்கலாம். பரிந்துரைக் கையேடுகளில் இப்பெயர்கள் வேறுபடுத்தி ஆளப்படின், ஆய்வகம் கண்ட வேறுபாடு உழவரின் விதைத் தேர்வு வரை சென்று சேரும்.